பார்க்காமல் எழுதிய ஊதா

ஒரு நோயாளியின் சிகிச்சை அட்டையில், மாதம் ஒரு வரியாக ஏழு மாதம், "பாஸ் உண்டு. நிறம் ஊதா" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழும் பொய். முதல் மாதம் பரிசோதனை செய்தேன். ஊதா வரவில்லை, வந்ததாக எழுதினேன். அடுத்த ஆறு மாதம் பரிசோதனையே செய்யவில்லை. அந்த நோயாளி இறந்துபோனார். அவர் மனைவிக்கும் அந்த நோய் வந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த காசநோய் மருத்துவமனையிலிருந்து போன மாதம் ஒரு பெண் திலக் நகரில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். ஆண்டு மலருக்குப் பழைய ஊழியர்களின் சுவையான அனுபவங்கள் வேண்டுமாம். இப்போதெல்லாம் நோயாளிகள் மாத்திரை விழுங்குவதைக் கைபேசியில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று சொல்லி, ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ஒரு கிழவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நாக்கை நீட்டினார்.

"உங்க காலத்துல எப்படி சார் செக் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"மூத்திரத்தைப் பார்த்து."

அவள் சிரித்தாள். "அதையே எழுதிக் கொடுங்க சார், ஜாலியா இருக்கும்" என்றாள். எழுதுகிறேன். ஜாலியாக இருக்குமா என்று தெரியவில்லை.

நான் விலங்கியல் பட்டதாரி. பரிணாமத் தாளில் எங்கள் கல்லூரியிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். 'தகுதி என்பது பலமல்ல. குறிப்பிட்ட சூழலில் பிழைத்துச் சந்ததியை விட்டுச்செல்வதே தகுதி. சூழல் மாறினால் தகுதியானவன் மாறுவான்' என்று நான் எழுதியதைப் பேராசிரியர் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். அந்தப் பெருமை எனக்கு நெடுநாள் இருந்தது. படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. சீனச் சண்டை முடிந்த மறுவருஷம், பம்பாயில் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருந்த அந்தத் தர்ம மருத்துவமனையில் வீட்டுப் பார்வையாளராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் பயிற்சி. சளியைக் கண்ணாடித் துண்டில் பூசிச் சாயமேற்றுவது, மருந்தை நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் பிடிப்பது, வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்ப்பது, இவ்வளவுதான்.

மருத்துவமனைக்குத் தலைவர் டாக்டர் ராஜலட்சுமி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். கட்டையான உருவம், தடித்த கண்ணாடி, எப்போதும் வெள்ளைப் புடவை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். பேனாவை மூடி மேஜையில் வைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், அதற்குள் சொன்னவரே தன் பேச்சில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து விடுவார். புது நோயாளி வந்தால் நோயைப் பற்றிக் கேட்கும் முன், "காலம்பற என்ன சாப்பிட்டே?" என்று கேட்பார். ஊழியர்கள் எல்லோரையும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார், பெருக்குகிற துக்காராம் உள்பட. அட்டையில் எழுதப்பட்டதைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்வார். "நான் முந்நூறு கோலிக்குள்ள போய்ப் பாக்க முடியாது, மிஸ்டர் கணேசன். உங்க கையெழுத்துதான் என் கண்ணு" என்று வேலையில் சேர்ந்த அன்று சொன்னார். கோலி என்றால் இங்கே ஒற்றை அறை வீடு.

அன்றைய சிகிச்சை இரண்டு மருந்துகள். ஒன்று, ஐசோனயாசிட் என்ற சின்ன வெள்ளை மாத்திரை. விழுங்குவதே தெரியாது, ஆனால் பலமான மருந்து. இன்னொன்று, பாஸ் என்று நாங்கள் சுருக்கிச் சொன்ன பொடி. கைப்பிடி அளவு பொடியை மாவுத் தகட்டு உறைகளில் அடைத்துத் தருவோம். ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் உறைகளை விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைப் பிடுங்கும், பேதியாகும். ஒன்றரை வருஷம் இரண்டையும் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். பலர் சின்னதைத் தின்றுவிட்டுப் பெரியதைக் கொட்டிவிடுவார்கள். அதைப் பிடிப்பதற்குத்தான் பரிசோதனை. மாதம் ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போவேன். மூத்திரத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் வாங்கி, பையிலிருக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டுக் குழாயால் நாலைந்து சொட்டு விடுவேன். பொடி சாப்பிட்டிருந்தால் நாவல்பழம் பிழிந்த மாதிரி ஊதா நிறம் பரவும். சாப்பிடாவிட்டால் மஞ்சள் கொஞ்சம் பழுப்பாகி அப்படியே நிற்கும்.

மூன்று தடவை 'இல்லை' என்று வந்தால், இலவச மருந்துப் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும். காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு அந்த இடம் போகும். அரைகுறையாக மருந்து தின்பது, தின்னாமல் இருப்பதைவிடக் கெடுதல் என்பது டாக்டரம்மாவின் கட்சி. அது இரக்கமில்லாத விதி என்று நான் நினைத்தேன்.

பலவேசம் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தார். திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிப் பக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டும் வேலை. பேச்சில் கேலி இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. நான் குப்பியை நீட்டிய முதல் நாள், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சார்வாள், இம்புட்டு படிச்சிட்டு வந்து இத வாங்கவா அலையுதீய? ஊர்ல ஒங்க அய்யாகிட்ட என்ன உத்தியோகம்னு சொல்லிருக்கீய?"

"கவர்மெண்டு மாதிரி ஒரு வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லா சொன்னீய போங்க. வாங்கிட்டுப் போறதுலதான் கவர்மெண்டு மாதிரி" என்று சிரித்தபடி குப்பியோடு வெளியே போனார்.

சொட்டு விட்டேன். பழுப்பு. இன்னும் நாலு சொட்டு. பழுப்புதான். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி பேச்சியம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்.

"பொடியத் திங்கல. பொய் சொல்லல சார்வாள்" என்றார். "சின்னத ஒருநாக்கூட விட்டதில்ல, எங்க கொலசாமி மேல சத்தியம். பொடியத் தின்னா வயிறு பிச்சுக்கிட்டுப் போவுது. எங்க சந்துல சண்டாஸ் எத்தன தெரியுமா? ஆம்பளைக்கு நாலு. நாலுல ரெண்டுக்குக் கதவு கெடயாது. காலைல லைன் எங்க நிக்கும்னு போயிப் பாருங்க. ஒரு தடவ போவவே முக்கா மணி நேரம். நான் மூணு தடவ எப்படிப் போவேன்? ஏழு மணிக்குக் குழில எறங்கணும். எறங்குனா மத்தியானம் வரை மேஸ்திரி ஏற விடமாட்டான். ரெண்டு தடவ குழிலயே..." அவர் நிறுத்திக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது. "பேரு அடிச்சிருவாவளா?"

சண்டாஸ் என்றால் கழிப்பறை. மாட்டுங்காவில் எங்கள் வாடகை வீட்டுக்குள்ளேயே அது இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான், நோயாளிகளிடம் கொடுப்பதை நாமும் அறிந்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் முழு அளவுப் பொடியை நான் தின்று பார்த்திருந்தேன். மதியத்துக்குள் நாலு தடவை ஓடினேன். அது நினைவுக்கு வந்தது. என் படிப்பும் கூடவே உதவிக்கு வந்தது. சின்ன மாத்திரைதான் உண்மையில் கொல்லுகிற மருந்து, பொடி பலவீனமான துணை, பலமானதை ஒழுங்காகத் தின்கிறவனைப் பலவீனமானதற்காகத் தண்டிப்பதா? இப்படி வாதாடிக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தேன். ஊதா என்று எழுதினேன்.

"ரொம்ப உபகாரம்" என்றார் பலவேசம். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாராவிச் சந்துகளில் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்களே அதிகம். பலவேசம் கோலியில் எனக்குப் பாய் விரித்து டீ வரவழைப்பார்கள்.

அடுத்த மாதங்களில் குப்பியை நான் வெளியே எடுக்கவேயில்லை. டீ குடித்தேன், எழுதினேன், வந்தேன்.

என் தீர்ப்பு சரி என்றே காலம் சொன்னது. இரண்டாம் மாதம் இருமல் அடங்கியது. உடம்பு தேறிச் சட்டை இறுகியது. மூன்றாம் மாதம் சளியில் கிருமியே தென்படவில்லை. டாக்டரம்மா பலவேசத்தின் அட்டையை எடுத்து, "இப்படித்தான் இருக்கணும்" என்று மற்றப் பார்வையாளர்களுக்குக் காட்டினார். நான் தலை குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாம் மாதம் கண்ணாடித் துண்டில் கிருமி மறுபடியும் சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். கண்ணாடியைத் துடைத்தார். சளியைக் கொஞ்சம் எடுத்து வளர்த்துப் பார்க்க உள்ளே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அதன் முடிவு வர மூன்று மாதம் ஆகும்; இந்தக் கிருமி அத்தனை நிதானமாக வளரும். அதுவரை என்ன செய்வது? அட்டையில் என் ஏழு சிவப்பு வரிகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"பொடி ஒரு மாசம்கூட விடாம சாப்பிட்டிருக்கார். அப்படியும் எழுந்திருக்குன்னா, அவர் உடம்புல இருக்கற கிருமிக்கு அது உபயோகப்படலைன்னு அர்த்தம். எதுக்கு அந்த மனுஷன் வயித்தைக் கெடுக்கணும்? பொடியை நிறுத்திட்டு, சின்ன மாத்திரையோட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடலாம். என்ன சொல்றேள்?"

பொடி சாப்பிட்டதில்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் இருந்திருக்க முடியாது. "சரி மேடம்" என்றேன்.

பலவேசத்துக்கு ஏக சந்தோஷம். "பொடிக்கு விடுதலையா? இது மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா" என்றார். ஊசி போட்டதும் மறுபடி இரண்டு மாதம் நன்றாக இருந்தார். பிறகு இருமல் திரும்பியது. இந்தத் தடவை ரத்தத்தோடு.

பத்தாம் மாதம் ஆய்வுக்கூடக் குழாய்கள் வந்தன. அவற்றைப் படிக்கும்போது டாக்டரம்மா அறையில் யாரும் பேசக்கூடாது. முட்டையையும் பச்சைச் சாயத்தையும் கலந்து, குழாயைச் சாய்த்து வைத்து உறைய வைத்திருப்பார்கள். வெளிர் பச்சைச் சரிவு. ஒரு குழாயில் மருந்தே இருக்காது. மற்றவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து கலந்திருக்கும். நோயாளியின் கிருமியை எல்லாவற்றிலும் விதைத்து வாரக்கணக்கில் வெதுவெதுப்பில் வைப்பார்கள். எந்த மருந்துக் குழாயிலாவது கிருமி முளைத்தால், அந்த மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை என்று பொருள். டாக்டரம்மா ஜன்னலருகே நின்று ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தாங்கியோடு என் முன்னால் வைத்தார்.

"நீங்களே பாருங்கோ."

மருந்தில்லாத குழாயில் ரொட்டித் தூள் தூவின மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாக வளர்ந்திருந்தது. சின்ன மாத்திரைக் குழாயிலும் அதே மாதிரி, அதே அடர்த்தி. ஸ்ட்ரெப்டோமைசின் குழாய் சுத்தமாக இருந்தது. அது ஊசி போடுவதற்கு முன்னால் எடுத்த சளி, ஆகையால் அது சரி. பாஸ் குழாயும் சுத்தமாக இருந்தது. துடைத்து வைத்த மாதிரி.

"ஏழு மாசம் பொடி தின்ன மனுஷனோட கிருமி, பொடியைத் தொட்டதும் செத்துப்போறது. அப்போ அவர் உடம்புக்குள்ள மட்டும் எப்படி உசிரோட இருந்தது?" என்றார். "எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினேள்?"

"ஏழு மேடம்."

"ஏழும் ஊதா?"

"ஏழும்."

கண்ணாடியைத் துடைத்தார். "அப்போ குழாய்லதான் தப்பு. மிஸ்டர் கதம் மருந்தை ஜாஸ்தி கலந்திருக்கணும். திரும்பப் போடச் சொல்றேன்" என்றார். கதம் ஆய்வுக்கூடத்து உதவியாளர். இருபது வருஷமாகக் குழாய் தயாரிப்பவர், அதுவரை ஒரு தப்பும் செய்யாதவர். அன்று மத்தியானம் அவர் சாப்பிடாமல் தராசைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் குழாய்களை மறக்க முடியவில்லை. கதமின் கை தவறவில்லை என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். பரீட்சையில் நான் எழுதியது பாட்டுப் போல மனப்பாடமாக இருந்தும், கண்முன்னே ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நுரையீரலில் கோடிக்கணக்கில் இருந்த கிருமிகளில் ஏதோ ஒன்றிரண்டு, சின்ன மாத்திரையைப் பார்ப்பதற்கு முன்பே, பிறவியிலேயே அதற்குச் சாகாதவையாக இருந்திருக்கும். அவை வலிமையானவையும் அல்ல. மருந்தில்லாத இடத்தில் மற்றவற்றோடு போட்டி போட முடியாத நோஞ்சான்கள். பொடியின் வேலை அந்த ஒன்றிரண்டைக் கொல்வது. அதற்காகத்தான் இரண்டு மருந்து. பலவீனமான துணை என்று நான் தள்ளிய பொடிதான் வாசலில் நின்ற காவல். அதை நான் அகற்றிவிட்டேன். மாத்திரை மற்ற எல்லாவற்றையும் கொன்று, இடத்தைக் காலி செய்து, நோஞ்சான்களின் கையில் கொடுத்தது. சட்டை இறுகிய மாதங்களில் உள்ளே நடந்துகொண்டிருந்தது அதுதான். பிறகு ஊசியிலும் அதே கதையை இன்னொரு முறை நடத்தினோம். பொடியைச் சந்திக்காத கிருமி, பொடியைச் சந்திக்கவில்லை என்பதைக் குழாயில் காட்டிவிட்டது. என் கையெழுத்தைவிட அது நாணயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மா தனியாக வந்தார். ஒரு மாதமாக இருமலாம். கண்ணாடித் துண்டைப் பார்த்தேன். சிவப்புக் குச்சிகள்.

டாக்டரம்மா புது அட்டையை எடுத்தார். பலவேசத்தின் குழாய்கள் தப்பு என்று ஒதுக்கியிருந்ததால், எப்போதும் எழுதுவதையே எழுதப் பேனாவைத் திறந்தார்: சின்ன மாத்திரை, பாஸ் பொடி. வெளியே பெஞ்சில் பேச்சியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. அவருக்கு ஒட்டியது கணவரின் கிருமி. சின்ன மாத்திரைக்குச் சாகாத கிருமி. இந்த அட்டையின்படி தின்றால் உள்ளே வேலை செய்யப்போவது பொடி மட்டும்தான். ஒற்றை மருந்து. ஆறு மாதத்தில் பொடிக்கும் சாகாதது ஒன்று மிஞ்சும். பிறகு மிஞ்சுவது ஊசி ஒன்றுதான், அதுவும் துணையில்லாமல்.

"மேடம், எழுதாதீங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"பலவேசம் பொடி சாப்பிடவே இல்லை. ஒரு நாளும். நான் ஏழும் பொய்யா எழுதினேன். கதம் போட்ட குழாய் சரி."

பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்திருந்தார்.

"போய் மிஸ்டர் கதம்கிட்ட முதல்ல சொல்லுங்கோ" என்றார். "அப்புறம் வாங்கோ."

கதமிடம் சொன்னேன். அவர் மராத்தியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது என் அப்பாவைப் பற்றியது. நான் திரும்பி வந்தபோது பேச்சியம்மாவின் அட்டையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, பாஸ் பொடி என்று எழுதியிருந்தது. "ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒட்டியிருந்தா இது கேக்கும். அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கறேன்" என்றார். பிறகு பலவேசத்தின் அட்டையை என் பக்கம் நகர்த்தினார். பொய்களை அடிக்க விடவில்லை. முதல் வரிக்குக் கீழே 'நிறம் வரவில்லை' என்றும், மற்ற ஆறு வரிகளுக்கும் கீழே 'இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை' என்றும் எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். ஏழு கையெழுத்து. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

அன்று சாயங்காலமே அவர்கள் கோலிக்குப் போனேன். பலவேசம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம், கிருமியில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில் சொல்லத் திணறினேன். பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"வெளங்குது சார்வாள். தோலுல செவப்பு ஏறுத மாதிரி."

"அது என்ன?"

"பச்சத் தோலு அழுகாம இருக்க உப்பப் போட்டு அடுக்குவோம்லா. அழுக வைக்குத பூச்சி பூரா உப்புல செத்துரும். ஒண்ணு மட்டும் சாவாது. மழக்காலத்துல பாத்தீயன்னா தோலு செவசெவன்னு ஏறிரும். அதுக்கு உப்பு புத்தி சொல்லிக் குடுக்கல. அது மொதல்லயே அப்படித்தான். மத்ததெல்லாம் செத்த பொறவு எடம் தாராளம், அம்புட்டுதான்."

என் விடைத்தாளில் மூன்று பக்கம் இருந்தது இவ்வளவுதான்.

"நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதீய" என்றார் பிறகு. "நீங்க எழுதலன்னா அப்பமே என் பேர அடிச்சிருப்பாவ. நல்லதுக்குத்தான செஞ்சீய."

மூலையில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மா எழுந்து நின்றார்.

"அந்தப் பொடி எங்க?"

பலவேசம் கூரையைப் பார்த்தார். "சுண்ணாம்புக் குழில."

"சுண்ணாம்புக் குழிக்கா மருந்து? அது இருமிச்சா ஒங்ககிட்ட?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் சார், நீங்க ரெண்டு ஆம்பளையும் ஒக்காந்து டீயக் குடிச்சிக்கிட்டு முடிவு பண்ணீட்டீய. என்கிட்ட ஒரு வார்த்த? எனக்கு ரெண்டு தம்பி இருக்கான், அடுத்த சந்துல. சண்டாஸ் லைன்ல ஆளுக்கொரு டப்பாவ வச்சி எடம் போட்டு வச்சிருப்பானுவளே! ஒரு தட்டுல சோறு தின்னவ நானு. எனக்குத் தெரிய வேண்டாமா?"

"ஏளா, சும்மா இரி. பெரிய மனுசன்கிட்ட..." என்றார் பலவேசம்.

"பெரிய மனுசனாம்" என்று சொல்லிவிட்டு, அவர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கணவரிடம் கொடுத்தார். எனக்கு அன்று டீ வரவில்லை.

பலவேசத்துக்கு மிஞ்சியது பொடி ஒன்றுதான். டாக்டரம்மா எங்கெங்கோ கடிதம் எழுதி அரிதான இன்னொரு மருந்தை வரவழைத்தார். அது வந்தபோது இரண்டு நுரையீரலும் போயிருந்தன. பலவேசத்தின் மைத்துனர்கள் முறை வைத்து டப்பாவோடு லைனில் நின்றார்கள். கடைசி வரை அவர் ஒரு உறைகூட விடாமல் பொடி தின்றார். அடுத்த மழைக்காலத்தில் இறந்தார்.

பேச்சியம்மாவைப் பொடி கணவரைவிட மோசமாகப் படுத்தியது. பெண்கள் வரிசை இன்னும் நீளம். அதில் தம்பிகள் நிற்க முடியாது. மூன்றாம் நாளே தள்ளாடிக்கொண்டு வந்தார். மருத்துவமனையின் பின்பக்கம் இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்று நோயாளிகளுக்கு, எப்போதும் நிறைந்து வழியும். மற்றது ஊழியர்களுக்கு, பூட்டியிருக்கும். சாவி என் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். தினம் காலை ஆறு மணிக்கு நான் வந்து திறக்கிறேன், பேச்சியம்மா என் கண் முன்னால் பொடி சாப்பிடட்டும், வயிறு அடங்கும்வரை இங்கேயே இருக்கட்டும், ஊழியர் கழிப்பறைச் சாவியை அவரிடம் கொடுக்கிறேன் என்றேன். அவர் சரி என்றார். கம்பவுண்டர் எதிர்த்தார், நோயாளி போகிற இடத்துக்கு நாங்கள் போவதா என்று. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தபடி, "அவசரமா இருந்தா தாராவிக்குப் போய் லைன்ல நில்லுங்கோ" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒன்றரை வருஷம், ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து, ஆறு மணிக்குத் திறந்தேன். தெருவில் வெள்ளம் நின்ற மழை நாட்களில் தண்டவாளத்து ஓரமாக நடந்தே வந்தேன். பேச்சியம்மா கஞ்சித் தூக்கோடு வருவார். ஒரு துணிப்பையும் இருக்கும், ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் வேலை. எண்ணிக்கொண்டு விழுங்குவார். பெஞ்சில் உட்கார்ந்து தைப்பார். நடுவில் சாவியை எடுத்துக்கொண்டு போவார். என்னோடு பேச மாட்டார், அவசியமானதைத் தவிர. வாரம் ஒரு நாள், நான் கேட்காமலே குப்பியை நிரப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு எதிரே நிற்பார். நான் சொட்டு விடுவேன். ஊதா பரவும். இருவரும் பார்த்த பிறகுதான் போய் உட்காருவார்.

நாலாம் மாதம் அவருடைய குழாய்கள் வந்தன. டாக்டரம்மா வேண்டிக்கொண்டபடியே, ஊசிக் குழாய் சுத்தம், பொடிக் குழாய் சுத்தம். சின்ன மாத்திரைக் குழாயில் மட்டும் பலவேசத்தின் கிருமி ரொட்டித் தூள் மாதிரி முளைத்திருந்தது. பேச்சியம்மா பிழைத்தார்.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை என் அட்டைகளின் மேல் ஓரத்தில் ஒரு கேள்வியைக் கையால் எழுதிக்கொள்வேன். இவர் காலையில் எங்கே போகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று. டாக்டரம்மா ஒரு வருஷம் கழித்து அதை எல்லா அட்டையிலும் அச்சடிக்கச் செய்தார். போன மாதம் வந்த பெண்ணிடம், நாக்கை நீட்டிய அந்தக் கிழவர் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். விசாரித்தும் சொன்னாள். நல்ல பெண்.

பேச்சியம்மாவின் சிகிச்சை முடிந்த நாள், டாக்டரம்மா அட்டையில் கடைசிக் கோடு போட்டதும், அவர் என் மேஜைக்கு வந்தார். கையில் கழிப்பறைச் சாவி இருந்தது. புளி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், பித்தளை பளபளத்தது. அதைத் திரும்ப ஆணியில் மாட்டப் போனவர், ஆணியைப் பார்த்தபடியே நின்றார்.

"இந்தச் சாவி இங்கனதான் கெடந்துச்சா சார்? அப்பவும்?"

"ஆமா."

"அவுகளுக்கும் தொறந்து விட்டிருக்கலாம்லா?"

"விட்டிருக்கலாம்" என்றேன்.

அவர் சாவியை மாட்டினார். கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.